ஜெர்மன் படிக்க இங்கிலீஷ் எதற்கு?



உயர்தரம் முடித்ததும் தாதியர் பயிற்சிக்கு ஜெர்மனி போகலாம் என்று அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார்கள். உம்மாவின் நகையை அடகு வைத்துக் காசு கட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சில மாதங்களில், "எனக்கு இங்கிலீஷே வராது சேர், ஜெர்மன் எப்படி வரும்?" என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். ஆசிரியர்களான நாம் சொல்கிறோம்: அந்தப் பயம் தேவையில்லாதது.

பிள்ளைகள் அதிகம் திணறும் ஒரு பாடத்தையே எடுப்போம். 'வேண்டும்', 'முடியும்' போன்ற துணைவினைகளை இறந்த காலத்தில் சொல்வது.

நான் நேற்று கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது.
இஷ் ஹாப கெஸ்டர்ன் நாஹ் கொலம்போ ஃபாரன் மியூசன்.

இஷ் என்றால் நான், கெஸ்டர்ன் நேற்று, நாஹ் கொலம்போ கொழும்புக்கு, ஃபாரன் போக, மியூசன் வேண்டும். இரண்டாம் இடத்தில் வரும் 'ஹாப' மட்டுமே நமக்குப் புதிது. இறந்த காலத்தைக் காட்டுவது அதுதான். மற்றதெல்லாம் தமிழின் வரிசை. சிங்களத்திலும் வினை கடைசியில்தான். ஆங்கிலத்தில்தான் 'வேண்டியிருந்தது' முன்னுக்கும் 'நேற்று' கடைசிக்கும் போகிறது. தமிழை ஆங்கிலமாக்கி, அதைத் திரும்ப ஜெர்மனாக்கினால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'போக' போல இன்னொரு வினை கூட இருந்தால் 'மியூசன்' மாறாது. அந்த வினை இல்லாவிட்டால்தான் 'கெமுஸ்ட்' ஆகும். பேச்சில் ஜெர்மன்காரர்கள் பெரும்பாலும் 'இஷ் முஸ்ட' என்று சுருக்கமாகவே சொல்வார்கள். ஆகவே பேசுவதற்கு முதலில் அதைப் பழகுங்கள்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன்காரர் சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1716இல் ஹாலே நகரில் அச்சான அவருடைய தமிழ் இலக்கணம், ஐரோப்பாவில் படித்தவர்களுக்குப் பழக்கமான லத்தீனில் இருந்தது. தெரிந்த மொழியில் தெரியாத மொழியை விளக்குவதுதான் முறை.

வகுப்பு நடத்தும் சகோதரர்களே, இலக்கணத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ விளக்குங்கள். பெற்றோர்களே, காசு கட்டுமுன் எந்த மொழியில் விளக்குவார்கள் என்று கேளுங்கள். இங்கிலீஷ் குறைவு என்பதற்காக நம் பிள்ளை ஒருவரும் பின்வாங்கக் கூடாது, இன்ஷா அல்லாஹ்.