வளைந்த புகைபோக்கியும் உடைக்கத் தயங்கிய சுவரும்

பத்திரிகை ஆசிரியபீடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவனிடம் ஒரு பழக்கம் இலகுவில் விட்டுப்போவதில்லை. யார் எதைச் சொன்னாலும் "நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிடுவேன். இங்கிலாந்தில் எனது மருமகனின் இல்லத்தில் தங்கியிருந்தபோதும் அக்கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

விக்டோரியா மகாராணி காலத்து வீடு அது. குளிர்காலத்துக்கென விறகு அடுப்பொன்றைப் பொருத்த மருமகன் விரும்பினார். பழைய புகைபோக்கியின் உள்ளே துருப்பிடிக்காத உருக்கினாலான நெகிழ்குழாய் ஒன்றை மேலிருந்து கீழ்வரை இறக்கவேண்டும். முதலில் வந்தவர் அடுப்படியில் குனிந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "கயிற்றில் கட்டி இழுத்தால் இறங்கிவிடும்" என்றார். இரண்டாமவர் கமராவை உள்ளே செலுத்தினார். இரண்டு வளைவுகள் தெரிந்தன. மேல் வளைவு மிகக் கூரியது. அது இருந்ததோ குழந்தை உறங்கும் அறையின் சுவருக்குள். அவ்விடத்தில் சுவரைத் திறந்து, குழாயைக் கையால் வழிநடத்தி, மீண்டும் கட்டவேண்டும் என்றார் அவர். செலவும் அதிகம்.

"மாமா, புதிதாக வர்ணம் பூசிய சுவர். வளைவு இருந்தால் என்ன, புகை மேலேதானே போகும்?" என்றார் மருமகன்.

புகை மேலேதான் போகும். ஆனால் சூடாக இருக்கும்வரைதான். குளிர்ந்த செங்கல்லில் பட்டால் வேகம் குன்றி, தாராகப் படியும். வளைவுகளில் அது மேலும் தேங்கும். அத்தாரே பின்னர் தீப்பற்றுகிறது. பழைய புகைபோக்கிகளின் உட்பூச்சுச் சுண்ணச்சாந்தும் காலப்போக்கில் உதிர்ந்துவிடுவதால், வாயு கசிந்து மாடி அறைக்குள் புகக்கூடும். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளே இறக்கும் குழாய் இவை யாவற்றுக்கும் காப்பு. ஆயின் வளைவில் பலவந்தமாக இழுத்தால் அது நசுங்கும், கிழியும். கிழிந்த குழாய் இருப்பது, குழாய் இல்லாததைவிட ஆபத்தானது. ஏனெனில் பாதுகாப்பு உண்டென்று நாம் நம்பிவிடுகிறோம்.

இவ்வளைவுகள் எவருடைய தவறுமல்ல. ஒவ்வோர் அறைக்கும் ஓர் அடுப்பு இருந்த காலம் அது. கீழ்த்தள அடுப்பின் வழி, மேல்தள அடுப்பை விலத்திச் சென்று, ஒரே கூண்டில் ஏனைய வழிகளோடு சேரவேண்டியிருந்தது. அந்த வளைவுகளுக்குள் ஒருகாலத்தில் சிறுவர்களை ஏற்றிக் கரியகற்றினார்கள். 21 வயதுக்குக் குறைந்தோர் ஏறுவதை 1840ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது, எவரும் பொருட்படுத்தவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைவழியில் ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து அவனை வெளியே எடுத்தும் பிழைக்கவில்லை. அவ்வாண்டே ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் வந்த சட்டம், துப்புரவாளர்களைப் பதிவுசெய்து காவற்றுறையின் கண்காணிப்பில் கொண்டுவந்தது. வழக்கம் ஓய்ந்தது.

இக்கதையை மருமகனிடம் கூறினேன். சுவர் அன்றும் இடிக்கப்பட்டது. ஆனால் காலம் கடந்து இடிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 2010 முதல், புதிதாக விறகு அடுப்புப் பொருத்தும்போது காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். பதிவுபெற்ற பணியாளர் பொருத்தவேண்டும்; அன்றேல் உள்ளூராட்சிச் சபைக்கு முன்னறிவிக்கவேண்டும். நம்மவருட் சிலர் இவற்றை வீண் செலவென்றும் தாள் வேலையென்றும் பேசக் கேட்டிருக்கிறேன். நான் அவ்வாறு கருதவில்லை. விதிகள் பல, எவரோ ஒருவர் உயிரிழந்த பின் எழுதப்பட்டவை. புலம்பெயர் நாடுகளில் பழைய வீடு வாங்கும் அன்பர்கள், விலை கேட்குமுன் "கமரா இட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்கவேண்டும். பார்க்காமலே விலை சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மருமகன் சுவரை உடைத்தார். குழாய் நசுங்காமல் இறங்கியது. புதுப் பூச்சு பழைய வர்ணத்தோடு இன்னும் ஒத்துவரவில்லை என்று மருமகள் குறைபட்டுக்கொள்கிறார். அந்த மாசு அங்கேயே இருக்கட்டும் என்பதே எனது கருத்து.