எண்ணுக்கு முன் சித்திரம்

புதுவை நகரத்தின் பால வகுப்புகள் பலவற்றில் நான்கு வயதுக் குழந்தைக்குக் கணிதம் என்னும் வித்தை, ஒன்று முதல் நூறு வரை நோட்டில் எழுதி நிரப்பும் கைவேலையாகவே அறிமுகமாகிறது. இந்த வழக்கத்தை மாற்றியே தீரவேண்டும் என்பது நம் திடமான அபிப்பிராயம். குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து இலக்கங்களை எழுதப் பழக்குமுன், எண்ணும் அளவும் வடிவும் கதையோடு இழைந்து வரும் சித்திரப் புத்தகங்களைத் தமிழில் ஆக்குவித்து, ஆசிரியர் நாள்தோறும் கால் மணி நேரமேனும் குழந்தைகளை அருகில் அமர்த்தி அவற்றை வாசித்துக் காட்டுவதைப் புதுவை அரசின் கல்வித்துறை ஒரு நியதியாகவே ஏற்படுத்தவேண்டும்.

கணக்கென்றால் நடுங்கும் மனோபாவம் பெரிய வகுப்பில் திடீரென்று தோன்றுவதன்று. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வியை ஆராய்ந்த குழு, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் கூடி, இந்நாட்டுக் கணிதக் கல்வியின் குறைகளை எடுத்துரைத்தபோது, பெரும்பாலான குழந்தைகளிடம் குடிகொண்ட அச்சத்தையும் தோல்வி உணர்வையுமே முதலில் வைத்தது. பொருளறியாமல் உருவை மட்டும் எழுதவும் ஒப்பிக்கவும் வற்புறுத்தப்பட்ட பிராயத்திலேயே அவ்வச்சத்தின் வித்து விழுந்துவிடுகிறது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வகைப் புத்தகம் எப்படியிருக்கும் என்று கேட்போர், ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோ 1975இல் வெளியிட்ட எண்ணுப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். ஓவியராவதற்கு முன் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் இருந்த அவர், கதையை ஒரு வாக்கியமும் இல்லாமல் சித்திரங்களாலேயே நடத்துகிறார். முதல் ஏட்டில் பனி மூடிய வெறும் வெளி, அதுதான் பூஜ்யம். அடுத்த ஏட்டில் ஒரு வீடு, ஒரு மரம். அதற்கடுத்ததில் எல்லாம் இரண்டிரண்டு. இவ்வாறு ஏடு புரளப் புரள மாதங்கள் மாறி, பருவங்கள் மாறி, மாதா கோயில் கடிகாரத்தின் முள்ளும் மணிக்கு மணி நகர்ந்து, பன்னிரண்டு என்னும் எண்ணுக்குரிய ஏட்டில் வெறும் வெளி ஓர் ஊராகவே வளர்ந்து நிற்கிறது. பூஜ்யம் என்னும் கருத்தை நம் பாடநூல்கள் ஒன்பதுக்குப் பின்னே, பத்தை எழுதும் தேவைக்காகக் கொண்டுவந்து சேர்ப்பதைக் கண்டு பழகியவர்களுக்கு, அது தொடக்கத்திலேயே பிரத்தியட்சமாகக் கண்முன் விரியும் இந்த ஏற்பாடு எத்தனை ஆழ்ந்த சிந்தனையின் பலன் என்பது விளங்கும்.

இன்றைய பாடநூல்களிலும் வண்ணப் படங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, முன்னைவிட அழகாகவும் உண்டு. ஆனால் மூன்று மாம்பழங்களுக்குப் பக்கத்தில் இரண்டு மாம்பழங்களை வரைந்து, அதனருகில் விடை எழுதக் கட்டமும் போட்டுவிட்டால், குழந்தையின் கண் படத்தை விட்டுக் கட்டத்துக்குத் தாவிவிடுகிறது. சரியா தவறா என்ற கவலை அங்கே பிறந்துவிடுகிறது. கதைப் புத்தகத்தின் படத்தில் கட்டமில்லை. திரும்பிப் பார்க்கலாம், விரல் வைத்து எண்ணலாம், எண்ணாமலும் விடலாம். அந்தச் சுதந்திரத்தில் குழந்தை தானாகவே எண்ணத் தொடங்குவது, கேட்டு வாங்கும் பத்து விடைகளைவிட மேலானது.

கதை கேட்டால் கணக்கு வருமா என்ற ஐயத்துக்கும் பதில் இருக்கிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் மழலை வகுப்பு ஆசிரியர்களைக் கொண்டு மூன்று மாத காலம் சித்திரப் புத்தகங்களை வாசித்துக் காட்டச் செய்து சோதித்தபோது, அவ்வாறு கேட்ட குழந்தைகள் கேளாதவர்களைவிடக் கணிதத்தில் அதிகம் முன்னேறியிருந்தனர். அவ்வாசிரியர்கள் இடையில் நிறுத்திப் பாடம் நடத்தவில்லை. தமக்குத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வதும், தெரியாதவர்போல் விழிப்பதுமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த உபாயம்.

இனி, அப்புத்தகங்களில் எந்த ஊர் இருக்கவேண்டும் என்பது முக்கியமான விஷயம். நம் ஊரே இருக்கவேண்டும் என்போம். ஆழாக்கு இரண்டு உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு படி. ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று இரட்டித்து இரட்டித்து ஏறும் நம் முகத்தலளவையைக் காட்டிலும் சித்திரத்துக்கு இசைந்த கணிதம் வேறெங்கே கிடைக்கும்? நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி மரபு, ஊராரின் அளவைகளோடும் தொழில்களோடும் எவ்வளவு நெருங்கிய சம்பந்தம் கொண்டிருந்தது என்பதை, இந்நகரத்துப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு 2022இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெரிய மார்க்கெட்டில் மீனைக் கூறு கட்டி வைப்பதில் வகுத்தல் இருக்கிறது. ஒன்றையொன்று நேர்க்கோணத்தில் வெட்டிச் செல்லும் வீதிகளில் வடிவ கணிதம் இருக்கிறது. கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்களை எண்ணாமல் எந்தக் குழந்தையும் கடந்து போகாது.

அரசுப் பள்ளிகள் மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறி, ஆங்கிலம் பால வகுப்புவரை இறங்கிவிட்ட இக்காலத்தில், வீட்டில் கேட்ட மொழியிலேயே எண்ணத்தை வளர்க்கும் இப்புத்தகங்களுக்கு அவசியம் இருமடங்காகிறது. சென்னையின் தாரா பதிப்பகம், கோண்டு ஓவியர் துர்காபாயின் சித்திரங்களோடு, விலங்குகளெல்லாம் ஒரே மரத்தில் வந்து ஏறும் எண்ணுப் புத்தகமொன்றை ஆங்கிலத்தில் கொணர்ந்தது. அத்தகைய தரத்தில் தமிழில் செய்ய இங்கே ஆளில்லாமலில்லை. அரியாங்குப்பத்தில் அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் ஓவியர்களைப் பயிற்றுவிக்கிறது. தமிழ்நாட்டு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து 1987 முதல் ‘துளிர்’ இதழை நடத்திவரும் புதுவை அறிவியல் இயக்கத்துக்குக் குழந்தைகளிடம் பேசத் தெரியும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எண்ணறிவு என்ற லட்சியத்தோடு 2021இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் இயக்கத்துக்கு 2026-27 கல்வியாண்டே கெடு. எனவே இவர்களை ஒன்றுகூட்டும் பொறுப்பைக் கல்வித்துறை இனியும் தள்ளிப்போடலாகாது.

ஒரு நிபந்தனையை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். புத்தகம் கிழிந்தால் இருப்புப் பதிவேட்டைக் காட்டித் தம்மிடம் விளக்கம் கேட்பார்களோ என்ற பயத்தில், ஆசிரியர்கள் நல்ல புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஆகவே குழந்தைகளின் கைபட்டுக் கிழிந்த புத்தகங்களைக் கணக்கிலிருந்து நீக்கி, ஆண்டுதோறும் புதிய பிரதிகள் வழங்கப்படும் என்றும், அதற்காக எந்த ஆசிரியரும் பதில் சொல்லவேண்டியதில்லை என்றும், புத்தகங்கள் பள்ளியை அடையும் அன்றே கல்வித்துறை எழுத்துமூலம் உத்தரவிடவேண்டும்.