கேமரா பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்



சென்ற வாரம் தங்கை மகள் திருமணம். போட்டோ எடுக்க வந்தவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி. நம் உறவினர் ஒருவர் என் காதுபடவே, "ஒரு கேமராவைத் தூக்கிட்டு வர்றதுக்கு இவ்வளவு ரூபாயா?" என்றார். பெயர் சொல்லவில்லை. அவரும் இதைப் படிப்பார்.

விடியற்காலை நாலரை மணிக்கு அந்தத் தம்பி பையைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லிக் கேட்டேன். கேமரா ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் 24-70 லென்ஸ், மற்றதில் 70-200. நாமெல்லாம் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடையை மறைத்து நிற்கிறோமே, அப்போது தூரத்திலிருந்து எடுக்க இரண்டாவது. தாலி கட்டும் நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்று தோளில் தொங்குகிறது. பேட்டரி ஆறு, பிளாஷ் இரண்டு, அதற்குப் பென்சில் செல் தனி டப்பாவில். ஓரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடுமாம்.

எனக்குப் புதிய பாடம், ஒரே கேமராவுக்குள் இரண்டு மெமரி கார்டு. எடுக்கும் படம் இரண்டிலும் பதிவாகிறது. 2018-ல் நிக்கான் இசட் 6, கேனான் ஈஓஎஸ் ஆர் இரண்டும் ஒற்றைக் கார்டோடு வந்தபோது கல்யாணப் போட்டோகிராபர்கள் குறைபட்டுக்கொண்டார்களாம். 2020-ல் வந்த இசட் 6 இரண்டாம் மாடலிலும் ஆர் 6-லும் இரண்டு கார்டு வைத்துவிட்டார்கள்.

எங்கள் திருமணத்தின்போது பிலிம் ரோல் காலம். ரோலுக்கு 36 படம். வந்தவரிடம் ஒரே கேமரா. பிலிம் பல்லில் சரியாக மாட்டாமல், சுற்றாமலேயே நின்றிருக்கிறது. அவர் பாட்டுக்குக் கிளிக் செய்துகொண்டே இருந்தார். கழுவிப் பார்த்தால் முகூர்த்த ரோல் முழுக்க வெறுமை. அடுத்த வருடமே அம்மா போய்விட்டார்கள். அம்மாவும் நாங்களும் சேர்ந்து நிற்கும் படம் அதில்தான் இருந்திருக்க வேண்டும். இன்றுவரை எங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு படம் இல்லை.

அதனால் சொல்கிறேன். ட்ரோன் பறக்குமா, ஆல்பம் எத்தனை ஷீட் என்பதையெல்லாம் பிறகு கேட்கலாம். மண்டபத்துக் கூரையை மேலிருந்து பார்த்து யாருக்கு என்ன ஆகப் போகிறது? முதலில் இரண்டாவது கேமரா உண்டா, கார்டு இரண்டா, படங்களை அன்றிரவே வேறு இடத்தில் காப்பி எடுத்து வைப்பாரா என்று கேளுங்கள். நாம் அடித்துக் குறைக்கும் ஐயாயிரம் அவர் லாபத்திலிருந்து மட்டும் போவதில்லை. வாடகைக்கு எடுக்கவிருந்த அந்த இரண்டாவது கேமராவைத்தான் அவர் விட்டுவிட்டு வருவார்.

இன்னொன்று. அந்தத் தம்பி சாப்பிட்டது மதியம் மூன்றரைக்கு, ரசமும் மோரும் மட்டும் மிச்சமிருந்த பந்தியில். ஆவணியில் நம் வீட்டில் அடுத்த கல்யாணம் வருகிறது. போட்டோகிராபர்களுக்கு முன்னதாகவே இலை போட வேண்டும். அதை நானே நின்று பார்த்துக்கொள்கிறேன்.