ஐந்து முடிவுகளும் முடிச்சூர் வெள்ளமும்



2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்திலே கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரைகடந்தது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மக்கள் மாடியேறி நின்று படகுக்குக் காத்திருந்தனர். அதே நாட்களில் பாரிசு மாநகரில் உலக நாடுகள் கூடி, புவியின் வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள், இயன்றால் 1.5 டிகிரியிலே நிறுத்துவது குறித்து வாதாடிக்கொண்டிருந்தன.

அம்மழை முழுவதும் மேலைநாட்டுப் புகைபோக்கி தந்தது என்று முழங்க மாட்டேன். ஏரியைத் தூர்த்தவர் நம்மூரிலேயே உண்டு. அவர்களைப் பிறிதொரு மேடையில் கேட்போம். ஆயினும், ஒரு டிகிரி சூடேறிய காற்று சுமார் 7 விழுக்காடு ஈரத்தைக் கூடுதலாகச் சுமக்கும் என்கிறதே விஞ்ஞானம்!

2021இல் ஐ.நா. அறிஞர் குழு ஐந்து பாதைகளை வகுத்துக் காட்டியது. புகையை மிகக் குறைத்தால் நூற்றாண்டின் இறுதியில் உயர்வு 1.4 டிகிரி, மிகப் பெருக்கினால் 4.4. ஒரே நாடகத்துக்கு ஐந்து முடிவுகள்! எதனை அரங்கேற்றுவது என்று தீர்மானிப்பவர் யார்? தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவைக் கக்கும் அமெரிக்கா, பாரிசு உடன்பாட்டிலிருந்து 2020இல் விலகி, 2021இல் திரும்பி, 2025இல் மீண்டும் விலகல் அறிவித்தது. தலைக்கு 2 டன் அளவே வெளியிடும் நாமோ மாடியில் நிற்கிறோம்.

2020க்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தனர் செல்வ நாட்டினர். அத்தொகை எட்டப்பட்டது 2022இல்; அதிலும் பெரும்பகுதி கடன்! தீ வைத்தவனே தண்ணீரை வட்டிக்கு விடும் நீதி இது. 2024இல் பாகூ நகரில், ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் வேண்டும் என்றன வளரும் நாடுகள். 2035க்குள் 30,000 கோடி என்று தீர்மானம் வந்தது. போதாது என்று இந்தியப் பேராளர் எழுந்து பேசினார். அதற்கு முன்பே தீர்மானம் நிறைவேறியதாகச் சுத்தியல் தட்டப்பட்டுவிட்டது.