பொறுத்தார் முகம் ஆள்வார்

நம்முடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் யோசனை கேட்டார். தளர்ந்த கன்னத்தை இறுக்குவதற்காக, கத்தியின்றிச் செய்யும் அல்ட்ராசவுண்டு சிகிச்சையை அவர் செய்துகொண்டு ஆறு வாரமாகிறது. பலன் ஒன்றும் தெரியவில்லை. புதல்வியின் விவாகமோ நெருங்குகிறது. "மறுமுறைக்குப் பாதிக் கட்டணந்தான்" என்று சிகிச்சை நிலையத்தார் அழைக்கிறார்களாம். போகலாமா?

வேண்டாம் என்றோம். இம்முறையில் சருமத்தின் அடியில் சிறு சிறு புள்ளிகளாக 60 முதல் 70 டிகிரி வரை சூடேறுகிறது. அங்குள்ள கொலாஜன் என்னும் நார்ப்பொருள் சுருங்குகிறது. பின்னர் உடம்பு தானே புதிய நாரை நெய்யத் தொடங்குகிறது. அந்த நெசவு முடிய மூன்று மாதமாகும். சிலருக்கு ஆறு மாதமும் ஆகும். தறியில் பாதி நெய்த புடவையைப் பார்த்து, "முந்தானை எங்கே?" என்று கேட்பது நியாயமா?

ரேடியோ அலைக் கருவிகளில் மென்மையான சிலவற்றை வாராவாரம் உபயோகிப்பதுண்டு. ஆகையால் தவணையை நிர்ணயிக்க வேண்டியது கருவியையும் சருமத்தையும் அறிந்த வைத்தியரேயன்றி, கட்டணச் சலுகையன்று. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்; ரேடியோ அலை அவர்களுக்கு ஆகாது.

சூடு மிஞ்சினால் கொப்புளமும் தழும்பும் உண்டாகலாம், கொழுப்புக் கரைந்து கன்னம் குழியலாம், நரம்பும் கெடலாம். ஊசிமுனை வழியே ரேடியோ அலை செலுத்தும் கருவிகளைப் பற்றி, இத்தகைய தீங்குகளைச் சொல்லி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் எச்சரித்தது.

அம்மையாருக்கு இன்னுமொரு வார்த்தையும் சொன்னோம்: விவாகத்தன்று எல்லாரும் மணமகளையல்லவா பார்க்கப் போகிறார்கள்!