கையெழுத்தில்லாத திருத்தம்

கண்டிக்கு அருகே பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவந்த சிறு விமானங்கள் இறங்கியதை அவ்வூரார் பலர் கண்டிருப்பர். எட்டுப் பேரை ஏற்றும் அத்தகைய விமானத்தில் ஓர் ஆணி மாற்றப்பட்டாலும் அனுமதிபெற்ற பொறியியலாளர் ஒருவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்த ஆணி எங்கிருந்து வந்தது என்பதற்கும் பத்திரம் வேண்டும். அதே மகாவலிக் கரையோரமாக எழுபது பேரை ஏற்றிக்கொண்டு கம்பளை வீதியில் இறங்கிவரும் பஸ் வண்டிக்கு பிரேக் லைனிங் மாற்றியவர் யார் என்று கேட்டுப்பாருங்கள். கராஜ்காரரின் முதற்பெயரைச் சொல்வார்கள். தாள் எதுவும் இராது.

2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டியெல்லவில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற வண்டி அது. சாரதி உறங்கிவிட்டாரா, வண்டியில் பழுதா என்று நாடே விவாதித்தது. சாரதியும் மாண்டோரில் ஒருவர்; மறுமொழி சொல்ல அவர் இல்லை. நான்கு மாதம் கழியுமுன், செப்டெம்பர் 4 அன்று எல்ல – வெல்லவாய வீதியில் மேலும் 15 பேர். நம் பத்திரிகைகள் வழக்கம்போல் சாரதியின் பெயரை அச்சிட்டன. வண்டியைக் கடைசியாகத் திருத்தியவரின் பெயரை எந்தப் பத்திரிகையும் தேடியதாகத் தெரியவில்லை.

விமானத்துறை புனிதர்களின் துறையன்று. 1989 செப்டெம்பர் 8 அன்று நோர்வேயின் பார்ட்னெயார் விமானம் டென்மார்க்குக்கு வடக்கே கடலில் வீழ்ந்து 55 பேர் இறந்தனர். வாற்பகுதியைப் பிணைத்திருந்தவற்றுள் போலி ஆணிகளும் இருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. உடைந்த உலோகத்திலிருந்து பின்னோக்கிச் சென்று அதனை நிறுவ முடிந்தது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருபதுக்குக் குறைந்த ஆசனங்கள் கொண்ட சிறு விமானங்களைச் செய்தவர்களைப் பொதுவாக 18 ஆண்டுகளின் பின் வழக்கிலிருந்து விடுவிக்கிறது. அதன் நியாயம் பற்றி எனக்கு ஐயமுண்டு; ஆயினும் செய்தவர் விலகினால் திருத்தியவரும் உடைமையாளரும் எஞ்சி நிற்பர் என்பதாவது அங்கே தெளிவு. இங்கே எவரும் எஞ்சுவதில்லை.

மலைவீதியில் பிரேக் என்பது வேறு பொருள். கடுகண்ணாவையிலோ ரம்பொடையிலோ நெடுநேரம் மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். மலிவான லைனிங் விரைவில் இழக்கும். சமதரையில் இரண்டாண்டு உழைக்கும் பழுது, வளைவில் இரண்டு நிமிடத்தில் உயிரைக் கேட்கும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய உதிரிப்பாகம் எந்த வண்டியில் எத்தனை மைல் ஓடியதென்று விற்பவருக்கும் தெரியாது. 2020 முதல் பல ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் கிழடான வண்டிகளே ஓடின என்பதும் உண்மை.

கராஜ்காரரைத் தூக்கிலிடுங்கள் என்று நான் எழுதவில்லை. “முதலாளி கொடுத்த காசுக்கு இந்தச் சாமான்தான் கிடைத்தது” என்று அவர் சொன்னால் பெரும்பாலும் அது மெய்யே. அப்படியாயின் அதையும் எழுதிவைக்கட்டும். முதலாளி கீழே ஒப்பமிடட்டும். செலவு கூடுமென்று பஸ் உரிமையாளர் சங்கங்கள் கூச்சலிடும். ஒரு கொப்பிப் புத்தகத்தின் விலை எவ்வளவு?

சபையின் பஸ்களுக்கு இந்தச் சாக்கும் இல்லை. பணிமனையும் பொறியியலாளரும் சபையுடையவர்களே. பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு வீதி அனுமதிப்பத்திரம் வழங்குவது மாகாண அதிகாரசபை. பாராளுமன்றத்தின் புதுச் சட்டத்துக்காகக் காத்திராமல், அடுத்த புதுப்பித்தலின்போது திருத்தப் பதிவேட்டைக் கேட்கும் வேலையைக் கண்டியிலேயே தொடங்கலாம்.