ஊர்க் கணக்கு: ராஜபாளையம் வண்டிக்கு யார் டீசல் போடுவது?

போன மாதம் ஒரு ராத்திரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தாத்தாவுக்குத் திடீரென்று நெஞ்சை அடைப்பதுபோல இருக்க, அத்தை 108-க்கு போன் செய்தார். வண்டி வந்தது. தாத்தாவை ஏற்றி, ஆக்சிஜன் மாஸ்க் மாட்டி, அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிறகு பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அது ராஜபாளையத்திலிருந்து வந்த வண்டி என்று. எங்கள் ஊர் வண்டி வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்ததாம்.

அத்தை உடனே பர்ஸைத் திறந்தார். "அம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்கீங்க தம்பி, டீசலுக்காவது வச்சுக்கோங்க."

"வேண்டாம்மா, இது இலவசம்" என்று சிரித்துவிட்டு டிரைவர் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அத்தைக்கு மனசு ஆறவில்லை. "ஏன்டா, அந்த ஊர் வண்டி நம்ம ஊருக்கு வந்துபோனா அந்தச் செலவை யாரு கட்டுவா? நம்ம முனிசிபாலிட்டி அவங்க முனிசிபாலிட்டிக்குக் கொடுக்குமா?"

நல்ல கேள்வி. விசாரித்துப் பார்த்தேன்.

அங்கே பங்கு பிரிக்கிறார்கள்

அத்தை கேட்டது உலகத்தில் இல்லாத விஷயம் இல்லை. அமெரிக்காவில் அவசர அழைப்புக்கு 911. அந்த போனை எடுத்து வண்டி அனுப்பும் மையத்தைப் பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகங்களே நடத்துகின்றன. சின்ன ஊர்களுக்குத் தனியாக நடத்தக் கட்டுப்படியாகாது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே மையம் வைத்துக்கொண்டு செலவைப் பிரித்துக்கொள்கின்றன.

அந்த முறை இங்கே இருந்தால் எப்படி இருக்கும்? 2011 கணக்கெடுப்பின்படி ராஜபாளையம் நகராட்சியின் மக்கள்தொகை 1,30,442. ஸ்ரீவில்லிபுத்தூர் 75,396. தலைக்கணக்கில் பிரித்தால் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ராஜபாளையத்துக்கு 63, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 37.

ராஜபாளையத்துக்காரர் ஒத்துக்கொள்வாரா? "ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு வர்ற கூட்டத்துல மயக்கம் போடுறவங்களுக்கும் நாங்க 63 கொடுக்கணுமா? எத்தனை போன் வருதுன்னு எண்ணிப் பிரிங்க" என்பார். எண்ணினால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், "தேருக்கு வர்றவங்க எல்லாரும் எங்க ஊர்க்காரங்களா?" என்பார். அமாவாசைக்குச் சதுரகிரி ஏறப் போகிறவர் வழியில் விழுந்தால் அவர் எந்த ஊர்க் கணக்கு? தென்காசி ரோட்டில் கேரளா போகும் லாரி மோதினால்? அமெரிக்க ஊர்களும் இதைத்தான் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது: தலைக்கணக்கா, அழைப்புக் கணக்கா என்று.

இங்கே ஒரே பை

நம் ஊரில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. 108-க்காக இரண்டு நகராட்சிகளும் ஒன்றுக்கொன்று ஒரு பைசாகூடக் கொடுப்பதில்லை.

ஹைதராபாத்தில் 2005-ல் தொடங்கிய 108 சேவை, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. என்ற அமைப்பு. பணம் அரசுடையது. மாநிலம் முழுக்க 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. நாம் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் போன் போவது சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்கு. அங்கிருப்பவர் எந்த வண்டி பக்கத்தில் சும்மா இருக்கிறது என்று பார்த்து அனுப்புகிறார். அவருடைய கணினித் திரையில் நகராட்சி எல்லைக்கு வேலை இல்லை. 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராஜபாளையம் வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது இப்படித்தான்.

தீயணைப்பும் அப்படியே. அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகளில் ஒன்றாகத் தீயணைப்பைச் சொல்கிறது. மும்பையில் மாநகராட்சிதான் தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசுத் துறை. இந்த வித்தியாசம் எங்கள் மாவட்டத்துக்கு உயிர் விஷயம். 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம் என்று பட்டாசு ஆலை விபத்துகளில் கொத்துக் கொத்தாக உயிர்களை இழந்த மாவட்டம் இது. பெரிய வெடி விபத்து என்றால் ஒரு நிலையத்து வண்டி போதாது, சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் போக வேண்டும். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் பில் அனுப்பும் நிலை இல்லை.

ஆனால் ஒரு குறை

செலவில் பங்கு இல்லாததால் பேச்சிலும் நமக்குப் பங்கு இல்லை. மதுரைக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஒரு வண்டி நோயாளியை ஏற்றிக்கொண்டு அங்கே போய்த் திரும்பும் வரை, அந்த ஊர் பக்கத்து ஊர் வண்டியை நம்பித்தான் இருக்கிறது. அதே ராத்திரியில் ராஜபாளையத்திலும் ஒரு தாத்தாவுக்கு நெஞ்சு வலித்திருந்தால்? ஒன்றின் வண்டியை மற்றொன்று நம்பியிருக்கும் இரண்டு ஊர்கள், திருவிழா நாளில் எத்தனை வண்டி வேண்டும், இரவில் எங்கே நிறுத்தலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசி, ஒரே குரலில் அரசிடம் கேட்கலாமே. அதற்குப் பணம் வேண்டாம், ஒரு தீர்மானம் போதும்.

இன்னொன்று முழுக்க நகராட்சி கையில் இருக்கிறது: தெருப் பெயர்ப் பலகை, கதவு எண், தெருவிளக்கு. பழைய பஸ் ஸ்டாண்டும் மாரியம்மன் கோயில் தெருவும் இல்லாத ஊர் ஏது? சென்னையில் போன் எடுப்பவருக்கும், பக்கத்து ஊரிலிருந்து வரும் டிரைவருக்கும் நம் சந்து புதுசு. பலகை இல்லாத தெருவில் வண்டி தேடி அலையும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் நிமிடம்.

நம் பங்கு

* 108-ஐ அழைத்ததும் மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அடையாளம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண் 112.
* கேள்வி கேட்கிறார்களே என்று கோபித்து போனை வைக்காதீர்கள். சொன்ன பிறகும் அந்த போனில் வேறு யாரிடமும் பேசாதீர்கள். டிரைவர் வழி கேட்டுக் கூப்பிடுவார்.
* ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள். ராத்திரி என்றால் கையில் டார்ச்.
* வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில் முழு விலாசத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமே மறந்துபோகும்.

எல்லாம் கேட்டுவிட்டு அத்தை, "அப்போ அந்த டீசல் காசு?" என்றார்.

"நீங்க சோப்பு வாங்கும்போதும், செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணும்போதும் வரி கட்டுறீங்கல்ல அத்தை? அதுலயே கொடுத்தாச்சு."

அத்தைக்குப் பாதி சமாதானம். மறுநாளே ஒரு அட்டையில் விலாசத்தைப் பெரிதாக எழுதி டி.வி.க்கு மேலே ஒட்டிவிட்டார். தாத்தா இப்போது நன்றாக இருக்கிறார். பால்கோவாவைத்தான் அவரிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.